மூன்றாவது தோட்டா

மேகசின் என்றதும் நம் சங்க இதழை எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! நான் சொல்வது கைத்துப்பாக்கியின் பிடிக்குள் நுழைகிற தோட்டாக் கூட்டை.

1935-இல் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவர்மீது எனக்கு நெடுநாள் மோகம். 13 தோட்டா கொள்ளுமே! ஆனால் அந்த 9 மி.மீ. ரகத்துக்கு இந்நாட்டில் தனியாருக்கு அனுமதி இல்லை. பந்தயத்திலும் ஒரு சுற்றுக்கு 5 தோட்டாதான். ஆகவே துப்பாக்கிச் சுடு கழகத்தின் பழைய .22-ஐயே ஏந்தினேன்.

தேர்வுப் பந்தயத்தின் 10 விநாடிச் சுற்றில் மூன்றாந் தோட்டா உள்ளே ஏறாமல் மூக்கை முட்டி நின்றது. மறுபடி சுட அனுமதித்தார்கள். மறுபடியும் அதே மூன்றாவது! அணியில் இடம் போயிற்று. துப்பாக்கியே சனியன் என்று முடிவுகட்டி, உரிமத்துக்கு மனுப் போட்டேன். மலிவாக ஒன்று வாங்க அப்பாவிடம் பணமும் கேட்டுவிட்டேன்.

பஞ்சாபி நண்பர் ஒருவர் சிரித்தார். இரு கூடுகளிலும் சுண்ணக்கட்டியால் 1, 2 என்று எழுதி, ஒவ்வொன்றிலும் 25 குண்டு சுடச் சொன்னார். இரண்டாவது ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. முதலாவதன் மேல் உதடு நகக்கனம் விரிந்திருந்தது. தோட்டா கோணலாய்த் தலைநிமிர்ந்தது அதனால்தான். துப்பாக்கி பாவம், நிரபராதி!

அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசினேன். “பணம் அனுப்பியாச்சுப்பா” என்றாள் அம்மா. அவள் வளையல் காலையிலேயே அடகுக் கடைக்குப் போயிருந்தது.