ஓடிய வண்டியின் கறை

கறை என்ற சொல்லை நாம் நல்ல பொருளில் வழங்குவதில்லை. ஆடையில் பட்டால் வெளுக்கிறோம். சுவரில் பட்டால் வெள்ளையடிக்கிறோம். உள்ளத்தில் பட்டால் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுகிறோம். அவ்வாறு இருக்க, பல நாள் பாடுபட்டு மெருகேற்றிய ஒரு பொருளின்மேல் வேண்டுமென்றே கறையை ஏற்றும் கலை ஒன்று உண்டு என்றால் வாசகர் வியக்கக்கூடும். பந்தயக் கார்களின் சிறு மாதிரிகளைச் செய்வோரின் கலை அது. ஓய்வு நேரங்களில் பல ஆண்டுகளாக அதில் ஈடுபட்டு வரும் நாம், பொழுதுபோக்காகத் தொடங்கிய அப்பணி நமக்குக் கற்பித்த ஒன்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இம்மாதிரிகளுள் பல இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவின. உண்மை வண்டியின் 24 செ.மீ. மாதிரியில் 1 செ.மீ. ஆகிறது. ஏறத்தாழ நாலே முக்கால் மீட்டர் நீளமுள்ள பந்தயக் கார், இருபது செ.மீ. அளவுக்குள் அடங்கி, சேர்த்து ஏந்திய இரு உள்ளங்கைகளில் அமர்ந்துவிடும். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மர வணிகமாகத் தொடங்கி, 1960-இல் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்ட தமியா நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. பெட்டியைத் திறந்தால் கொடியில் காய்த்த பிஞ்சுகள்போல் உறுப்புகள் யாவும் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, வெட்டுவாயை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளை நனைத்து வழவழப்பாக்கி, பிரைமர் பூசி, அது உலர்ந்தபின் வண்ணம் தெளிக்க வேண்டும். எண்களும் நிறுவனப் பெயர்களும் அச்சிட்ட மெல்லிய படங்களை நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்ட வேண்டும். அதன்மேல் நிறமற்ற லாக்கரைத் தெளித்து மெருகிட வேண்டும். அவசரம் இங்கே செல்லாது. காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் லாக்கர் தெளித்தால் மேற்பரப்பில் வெண்மை படர்ந்துவிடும். வெயில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நாம் பெரிதும் விரும்பிச் செய்பவை பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் பந்தயத்தில் ஓடிய வண்டிகள். 1923-இல் தொடங்கிய அப்பந்தயம் இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாது நடைபெறுவது. சுற்றுப்பாதையின் ஒரு பகுதி மற்ற நாள்களில் ஊர்மக்கள் சென்றுவரும் பொதுச் சாலை. ஓட்டுநர் மாறி மாறி அமர்வர், சக்கரங்களை மாற்றுவர், எரிபொருள் நிரப்புவர், வண்டி மட்டும் மாறுவதில்லை. அந்திக்கும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நண்பகலுக்கும் அதே வண்டிதான் ஈடுகொடுக்க வேண்டும். விரைந்து ஓடுவது ஒரு திறம் என்றால், இறுதிவரை ஓடுவது அதனினும் அரிய திறம்.

1991 ஜூன் 22, 23 நாள்களில் அப்பந்தயத்தை வென்றது மாஸ்டா 787பி என்ற 55-ஆம் எண் வண்டி. ஆரஞ்சும் பச்சையும் பூசிய அவ்வண்டியின் எஞ்சினில் பிஸ்டன்களுக்கு மாறாக நான்கு சுழலிகள் இயங்கின. ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான் கஷோ ஆகிய மூவர் அதனை ஓட்டினர். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் வண்டி இறுதி மணி நேரங்களில் பழுதுற்று நின்றது. அடுத்த மூன்று இடங்களை ஜாகுவார் வண்டிகள் பெற்றன. 362 சுற்றுகள், ஏறத்தாழ 4,923 கி.மீ. ஓடிய மாஸ்டா முதலில் வந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை. இறுதிக் கட்டத்தை ஓட்டி முடித்த ஹெர்பர்ட், உடலின் நீர் வற்றிச் சோர்ந்து, மருத்துவப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார். வெற்றி மேடையில் அவரால் நிற்க இயலவில்லை. 1988 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் நேர்ந்த விபத்தில் இரு பாதங்களும் சிதைந்து, மீண்டும் நடப்பாரா என்று ஐயுறப்பட்டவர் அவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், அதே வண்டியை அதே களத்தில் காட்சிக்காக ஓட்டியபோதுதான் அம்மேடையில் ஏறும் பேறு அவருக்குக் கிடைத்தது.

இந்த வண்டியை மாதிரியாகச் செய்ய முனைவோன் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சனிக்கிழமை புறப்படக் காத்திருந்த வண்டியையா, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடித்து நின்ற வண்டியையா? முதலாவதாயின் மெருகிட்டதோடு வேலை முடிந்தது. இரண்டாவதாயின் அங்கேதான் வேலை தொடங்குகிறது.

எந்தக் கறையும் காரணமின்றி வருவதில்லை. முகப்பிலும் பக்கக் கண்ணாடிகளின் முன்புறத்திலும் இரவுப் பூச்சிகள் மோதி மடிந்த புள்ளிகள் இருக்கும். பின்புறத்தில் அவை இரா. முன்செல்லும் வண்டி தெறித்த சிறு கற்கள் சக்கர வளைவுகளின் விளிம்பில் வண்ணத்தைப் பெயர்த்திருக்கும். பிரேக் தேய்ந்த கரித்தூள் சக்கரத்தின் நடுவில் படிந்து, ஓரங்களில் மெலிந்திருக்கும். உருகிய ரப்பர்த் துணுக்குகள் சக்கரங்களுக்குப் பின்னே ஒட்டியிருக்கும். எரிபொருள் நிரப்பும் வாயைச் சுற்றிப் பல கைகள் பட்ட மங்கல் தெரியும். ஓடும்போது விழுந்த எண்ணெய்த் துளி காற்றின் போக்கில் பின்னோக்கி இழுபட்டிருக்கும். நிற்கும்போது விழுந்த துளியோ நேர்கீழாக வழிந்திருக்கும். இவ்வளவு அழுக்குக்கிடையே முன்கண்ணாடியும் முகப்பு விளக்குகளும் மட்டும் ஓரளவு தெளிவாக இருக்கும். வண்டி நின்றபோதெல்லாம் அவற்றைத் துடைத்துவிட்ட பணியாளர் ஒருவரின் கை அங்கே உண்டு. அவர் பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை; அவர் துடைத்த தெளிவை மாதிரியில் காட்டாவிட்டால் அந்த வண்டி அந்த வண்டியன்று.

இவற்றைச் செய்யும் கருவிகள் எளியவை. தின்னரில் நன்றாகக் கரைத்த எனாமல் வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, உலரும் முன்னரே மிகுதியைத் துடைத்தெடுக்கலாம். சிறு பஞ்சுத் துண்டை வண்ணத்தில் தோய்த்து, தாளில் ஒற்றிப் பெரும்பகுதியைப் போக்கிவிட்டு, எஞ்சியதால் கல்பட்ட புள்ளிகளை இடலாம். சாக்கட்டியைச் சுரண்டிய தூளே பிரேக் தூளாகிவிடும். அளவுணர்வுதான் அரியது. எள்ளளவு புள்ளி ஒன்றை முகப்பில் வைத்தால், அது உண்மை வண்டியில் ஏழு செ.மீ. அகலக் கறையாகும், அத்தனை பெரிய பூச்சி லெ மான்ஸில் கூட்டமாகப் பறப்பதில்லை. அடியில் லாக்கரும் மேலே எனாமலும் இருந்தால், எனாமல் தின்னரால் துடைக்கையில் கறை மட்டும் நீங்கும். உள்ளிருக்கும் வண்ணம் கெடாது. ஆதலால் ஏற்றிய கறையைக் குறைக்கவும், இடம் மாறியதை எடுத்துவிடவும் எப்போதும் வழி உண்டு.

இக்கலையில் இரண்டு பொய்கள் உள. ஓடிக் களைத்த வண்டி என்று பெயரெழுதிவிட்டுப் பளபளப்பாக வைப்பது ஒன்று. அழுக்கு இருந்தால் உண்மை போலத் தோன்றும் என்றெண்ணி மேலெல்லாம் கரியைப் பூசிவிடுவது மற்றொன்று. முன்னது முகத்துதி, பின்னது அவதூறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: அவ்வண்டி எவ்வழி ஓடியது, எதனைத் தாங்கியது என்று கேட்டறியும் பொறுமை இல்லாமை. நிழற்படங்களை ஒரு மாதம் உற்றுநோக்கியவன் ஒரு மணி நேரத்தில் கறையேற்றிவிடுவான். உற்றுநோக்காதவன் எத்தனை நாள் பூசினாலும் அது சேறாகவே இருக்கும்.

இவ்வுண்மை வண்டிகளோடு நின்றுவிடுவதில்லை என்பதை எங்கள் தந்தையார் மறைந்தபோது உணர்ந்தோம். லேத் பட்டறையில் நாற்பது ஆண்டு உழைத்தவர் அவர். சுடுகின்ற இரும்புச் சுருள் ஒன்று தெறித்து, இடக்கண்ணின் கீழே கருத்த தழும்பொன்றை விட்டுச் சென்றிருந்தது. முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அச்சிடப் படம் கொடுத்திருந்தோம். படநிலையத்தில் இருந்த இளைஞர், நல்லெண்ணத்தோடு, கணினியில் அந்தத் தழும்பையும் நெற்றிச் சுருக்கங்களையும் நீக்கி, முகத்தை வெளுப்பாக்கித் தந்தார். அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரு இல்லையே” என்றார். தழும்போடு கூடிய படத்தையே அச்சிடச் செய்தோம். அது எப்படி வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டபோது, கண்ணில் கட்டுப் போட்ட மறுநாளே அவர் வேலைக்குப் போனதையும், அந்த வாரம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு முடிய இருந்ததையும் அம்மா அன்றுதான் சொன்னார். அப்பிள்ளைகளுள் ஒருவராகிய நமக்கே அது அதுவரை தெரியாது.

லெ மான்ஸ் என்ற பெயரைக் கத்தோலிக்க வரலாறும் அறியும். அந்நகரின் வடக்கே ஏறத்தாழ ஐம்பது கி.மீ. தொலைவிலுள்ள அலான்சோன் ஊரில்தான் 1873-இல் சிறுமலர் புனித தெரேசா பிறந்தார். அவருடைய பெரியன்னை லெ மான்ஸ் மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். அக்காள் பவுலின் அங்கேயே தங்கிப் பயின்றவர். பின்னாளில் லிசியே கார்மேல் மடத்தின் தலைவியான அதே பவுலின்தான், 1897-இல் தெரேசா இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்தபின், தங்கையின் கையெழுத்து ஏடுகளைப் பலவாறாகத் திருத்தி மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார். மற்றோர் அக்காள் செலின், 1894-இல் மடம் புகுந்தபோது உடன் கொண்டுவந்த கேமராவால் தங்கையைப் படமெடுத்தவர். அப்படங்கள் மென்மையாக மெருகேற்றப்பட்ட உருவிலேயே உலகெங்கும் பரவின. வஞ்சனை ஏதுமில்லை, அன்பே அவ்வாறு செய்தது. எனினும் 1956-இல் மூல ஏடுகளும், 1961-இல் மெருகிடாத படங்களும் வெளிவந்தபோது, இறைமக்கள் தெரேசாவை இழந்துவிடவில்லை. இறப்பதற்கு நான்கு திங்களுக்கு முன், 1897 ஜூன் 7 அன்று எடுத்த படத்தில், நோயின் களைப்பு முகத்தில் தெரிய அவர் நேராக நோக்குகிறார். சர்க்கரைப் பொம்மை போன்ற படத்தின் முன் மலர் வைக்கலாம். இந்த முகத்தின் முன்னரோ நம் வீட்டு நோயாளியைப் பற்றிப் பேசலாம்.

நம் விசுவாசத்தின் நடுவிலேயே இதற்கு அடிப்படை இருக்கிறது. சாவை வென்று மாட்சியுடன் எழுந்த ஆண்டவர், தம் உடலின் ஆணித் தழும்புகளை நீக்கிவிட்டு வந்திருக்கக்கூடும். அவர் அவற்றோடு வந்தார்; தோமாவுக்கு அவற்றையே காட்டினார். வாழ்வை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்ட புனித பவுலும், தம் உடலில் தாங்கிய அடையாளங்களைக் கலாத்தியருக்கு நினைவூட்டத் தயங்கவில்லை. பாவத்தின் கறை வேறு. அது கழுவப்பட வேண்டியது, இறைவன் கழுவுகிறார். உழைப்பும் அன்பும் விட்டுச்சென்ற தழும்பு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு துடைத்துவிடும்போது, இறந்தவர்களிடமிருந்து அவர்களுடைய ஓட்டத்தையே பறித்துவிடுகிறோம்.

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். உடன்வரும் பிள்ளைகள் பாட்டனார் எப்படிப்பட்டவர் என்று கேட்பார்கள். நல்லவர் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், அவர் எங்கே வேலை செய்தார், எதற்குக் கடன் பட்டார், கால் ஏன் தாங்கித் தாங்கி நடந்தார், யாருக்காக விழித்திருந்தார் என்பதைச் சொல்வோம். இராத கறையை ஏற்ற வேண்டாம். இருந்த தழும்பை மறைக்கவும் வேண்டாம். அவருடைய கண்ணாடியை அவ்வப்போது துடைத்துவிட்ட கை யாருடையது என்பதையும் மறவாமல் சொல்வோம்.