இன்னுமா முடியவில்லை?

எழுபது வயதைக் கடந்தபின் சென்ற ஆண்டு செவி மருத்துவரிடம் சென்றேன். பலவித ஒலிகளை எழுப்பிச் சோதித்த அவர், "உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகள்தாம் முதலில் மறையும், தாழ்ந்தவை நெடுநாள் நிற்கும். முதுமையில் இது இயல்பு" என்றார். வீடு திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் தகப்பனார் போற்றியதும் நான் வெறுத்ததுமான ஒரு குரல், மிகத் தாழ்ந்த குரல்!

அது எம். டி. இராமநாதனின் குரல். 1923-இல் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, கலாக்ஷேத்திராவில் ஆசிரியராய் விளங்கி, 1984-இல் மறைந்தவர். பாடுவதில் அவருக்கு அவசரமே கிடையாது. விளம்ப காலம் என்பார்களே, அதிலும் விளம்பம். மற்றவர் இரண்டு கீர்த்தனை பாடும் பொழுதில் இவர் ஒன்றை ஆரம்பித்திருப்பார் என்று நான் கேலி செய்வேன்.

தகப்பனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஞாயிறுதோறும் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். அகில இந்திய வானொலி 1952 முதல் சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பிவந்த தேசிய இசை நிகழ்ச்சிக்காக இரவு உணவை முன்னதாகவே முடித்துக்கொள்வார். வீட்டிலிருந்ததோ ஒரே வானொலிப் பெட்டி. எனக்கு வேண்டியது இலங்கை வானொலியின் திரைப்பாடல்கள். சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன்.

1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. இளையராஜாவின் அந்த முதற் படப் பாடல்களை இன்று கேட்டாலும், வேலை தேடி அலைந்த நாள்களும் கடன் சொல்லித் தேநீர் குடித்த கடையும் கண்முன் வந்து நிற்கின்றன. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாடல்களே நினைவில் ஆழப் பதிகின்றன என மனநூலார் கூறுவது என்னளவில் உண்மையே. ஆகவே வயதானதும் பழைய நாட்டம் கழன்றுவிடுகிறது என்று எவரும் எண்ண வேண்டாம். அது எங்கும் போகவில்லை. அதனருகே வேறொன்று வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவே.

அது வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஐம்பது வயதானபோது என் மனைவி நோயுற்றுப் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தாள். இரவில் எனக்கு உறக்கம் வராது. விரைந்து ஓடும் பாடல்கள், நான் விரும்பியவைகூட, எரிச்சலூட்டின. ஒருநாள் பின்னிரவில் அடுத்த வீட்டிலிருந்து சகானா இராகம் மெல்லக் கேட்டது. அதே அடித்தொண்டைக் குரல். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அதை விட மனமின்றி, நிதானமாய் நின்றது. மருந்து, பணம், நாள் என எல்லாமே என்னை விரட்டிக்கொண்டிருந்த அந்நேரத்தில், விரட்டாதது அது ஒன்றே எனத் தோன்றிற்று. செவியின் தேய்வே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்லிவிடலாகாது. அப்பொழுது என் செவி நன்றாகவே இருந்தது. மனைவி தேறி எழுந்தாள். அந்தக் குரல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

தகப்பனார் 1989-இல் காலமானார். நான் மாறியதை அவர் அறியமாட்டார்.

ஈராண்டுகளுக்கு முன் அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது ஓர் ஒலிநாடா அகப்பட்டது. வானொலியின் முன் டேப்ரிக்கார்டரை வைத்து அவரே பதிவு செய்தது. உறையின்மேல் அவருடைய அழகிய கையெழுத்தில் இராமநாதனின் பெயரும், 1978 என்ற ஆண்டும். என் பேரன் எங்கோ கொண்டுபோய் அதைக் கைப்பேசியில் ஏற்றி வந்தான். இருவரும் அமர்ந்து கேட்டோம். பாட்டினூடே தகப்பனாரின் இருமல். அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவும் ஓசை. பிறகு, மிக அருகில், ஓர் இளைஞனின் குரல்:

"இன்னுமா முடியவில்லை?"

அதற்குப் பதிலில்லை. வானொலியின் ஒலி மட்டும் சற்றே தணிகிறது. அவர்தாம் குறைத்திருக்க வேண்டும்.

"அது யார், தாத்தா?" என்று பேரன் கேட்டான்.

இன்னொரு முறை போடச் சொன்னேன்.