தனுஷ்கோடி அக்காவுக்கு ஒரு கெலமங்கலத்து நன்றி

தனுஷ்கோடியில் சிப்பிக் கடை போட்டிருக்கும் அக்காவுக்கு,

ஓசூர்ப் பக்கம் கெலமங்கலத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தை உங்களுக்கு நினைவிருக்காது. ஒரு நாளைக்கு அங்கே எத்தனை வண்டி வருகிறது! உங்கள் பெயர் தெரியாததால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

சிப்பி விற்றுப் பிழைக்கிற நீங்கள், "வாசலுக்குத் தோரணம் கட்டத்தானே தம்பி, காசு எதுக்கு? கரையில ஒதுங்கினதே போதும்" என்று, வாங்க வந்த எங்களைக் கரைக்கு அனுப்பிவைத்தீர்கள். கூடவே சில கட்டளைகளும் போட்டீர்கள். சங்கு காலியாகக் கிடந்தாலும் தொடாதே, நாளைக்கு ஒரு துறவி நண்டு குடியேறும். பிரிந்து கிடக்கும் ஒற்றைச் சிப்பி ஓட்டை மட்டும் எடு. அதுவும் ஒரு கைப்பிடி.

மகள் கையிலிருந்த வெள்ளைக் கல்லைப் பார்த்ததும், "அது பவளம் பாப்பா, போட்டுடு" என்றீர்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1964 புயலில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைக் காட்டி, அந்தச் சுவரே பவளக்கல்தான் என்றும் சொன்னீர்கள். அப்படி வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின.

நான் ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் ட்ரில்லிங் பார்ப்பவன். சிப்பிகளில் துளை போடத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் கழுவும்போது பார்த்தால், பல ஓடுகளில் ஏற்கெனவே துளை! வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். கவுண்டர்சிங்க் அடித்தது போல வட்டம், துளியும் பிசிறில்லை. சிப்பியைத் தின்னும் ஒரு வகைக் கடல் நத்தை, அமிலம் விட்டு ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் மணிக்கணக்கில் சுரண்டிப் போட்ட துளையாம். தங்கூசி அப்படியே நுழைந்தது. பளபளப்புக்கு வினிகர் போடச் சொன்னார்கள், போடவில்லை. ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, அமிலம் பட்டால் அரித்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமே போதுமானதாக இருந்தன.

சிப்பிகளோடு எடுத்துவந்த, கரை ஒதுங்கிய கட்டை ஒன்றை வாளியில் ஊறவைத்து, உப்பு இறங்கும் வரை தண்ணீர் மாற்றி, நிழலில் காயவைத்தேன். உப்பு தங்கினால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கட்டை பிசுபிசுக்கும். இப்போது அதில்தான் வண்டிச் சாவி தொங்குகிறது; அதன் அடியில் சிப்பிச் சரம்.

தெலுங்கும் கன்னடமும் பேசும் அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்கிறார்கள். நிறைய எடுத்துவர விட்டிருந்தால் எல்லாம் இந்நேரம் பரண்மேல் மூட்டையாகக் கிடந்திருக்கும். கைப்பிடி அளவே இருந்ததால்தான் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன், அந்தத் துளையும் கண்ணில் பட்டது. அதற்குத்தான் இந்த நன்றி.

கம்பெனியில் ராமேஸ்வரம் கிளம்புகிறவர்களிடம் உங்கள் கட்டளைகளைச் சொல்லி அனுப்புகிறேன். உங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் பனையோலைப் பெட்டி வாங்கிவரவும் சொல்கிறேன். உங்கள் நல்ல மனசால் உங்கள் வியாபாரமே படுத்துவிடக் கூடாது, பாருங்கள்.

அன்புடன்,
கெலமங்கலத்துத் தம்பி