இரு நூதனசாலைகள்

பேராதனையிலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற நான்கு ஆண்டுகளும் ஹந்தானை மலையை நாம் நாள்தோறும் பார்த்தவர்களே. மழைக்கு முன்னும் பின்னும் அதன் நிறம் மாறுவதை வியந்து கவிதையுங் கிறுக்கினோம். ஆயினும், 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று அம்மலையில் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குவதை அறிந்திருந்தும் ஒருமுறையேனும் சென்றோமில்லை. பத்தாண்டுகளின் பின், வகுப்பு மாணவரை அழைத்துச் செல்ல விரும்பிப் பஸ் கூலியைக் கணக்கிட்டு, அது கைகூடாதென்று கண்டதும், மாதக் கடைசியில் ஒரு விடுமுறை நாளன்று தனியே புறப்பட்டோம். பையில் இரண்டு பணிஸ், ஒரு போத்தல் தண்ணீர். கண்டிப் பட்டினத்தில் முச்சக்கர வண்டிக்காரர் கேட்ட தொகை அன்றைய மூன்று வேளைச் சாப்பாட்டையும் விழுங்கக்கூடியது; ஆகவே மலைப்பாதையில் நடந்தோம்.

இயந்திரங்களைப் பேணும் நூதனசாலை அது. அதனைச் செவ்வனே செய்கிறது. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரைப் பற்றியும் அங்கே அறியலாம். அவர் 1892இல் இறந்தபோது, பருத்த அவ்வுடலை 24 தொழிலாளர் முறைமாற்றிக் கண்டிவரை சுமந்து வந்தனரென எங்கோ படித்திருந்தோம். அந்த 24 பேரின் பெயர்கள் என்ன? இறங்கி வரும் வழியெல்லாம் இக்கேள்வி நம்மை விடவில்லை.

கம்பளை பஸ்ஸில் ஏறினோம். கம்பளைக்கு அப்பால் தேயிலைத் தோட்டமொன்றில், பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக 2007இல் அமைத்துள்ளனர். அங்கே முதற் காட்சிப்பொருள் அந்தக் காம்பிராதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று மேடைகளிலே பலமுறை முழங்கியிருக்கிறோம். உள்ளே நின்று இரு கைகளையும் விரித்தபோதுதான் அந்த அளவு விளங்கிற்று. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, புகையேறிய சட்டி பானைகள். கடல் கடந்து வந்தவர்களுக்கு 1901 முதல் வழங்கப்பட்ட தகரத் துண்டு நினைவுக்கு வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த துண்டு அது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்க்கலாம் எனப் பங்கிட்டது. அங்கும் எண்கள்தாம்.

அரசையும் துரைமாரையும் சாடுவது நமக்குக் கைவந்த கலை. ஆனால் அக்காம்பிராவில் நிற்கையில் நினைவில் எழுந்தது வவுனியாவில் நமது வீட்டுக் குசினி. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பமொன்றின் மகள் நம் வீட்டில் வேலை செய்தாள். நம்மிலும் இரண்டு மூன்று வயது மூத்தவள். அவளுக்கெனத் தனியாக ஒரு தகரக் கோப்பை கொல்லைப்புறக் கதவருகே தொங்கியது. நாம் பாடம் படிக்கையில் கதவோரம் நின்று கேட்பாள். அம்மா கூப்பிட்டதும் போய்விடுவாள். ‘தோட்டக்காட்டுப் பெட்டை’ என்றே எல்லோரும் அழைத்தோம். நாமுந்தான்.

வெளியே, அடுத்த லயத்து முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி, “தம்பிக்கு எந்தப் பக்கம்?” என்றார்.

“வவுனியா, அம்மா.”

“அட! எங்க தங்கச்சி குடும்பமும் அந்தப் பக்கந்தான் போனாங்க. எங்க இருக்காங்களோ.” உள்ளே போய்ச் சாயத்தண்ணியும் சீனித் துண்டும் கொண்டு வந்தார். நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டார். அவர் பருகும் அதே மாதிரிக் கோப்பைதான் நமக்கும்.

“எங்க வீட்டிலயும் மலையகப் பிள்ளை ஒன்று இருந்தவ” என்றோம்.

“அப்படியா? பேரென்ன தம்பி?”

கோப்பையைக் கீழே வைத்தோம். தெருவில் கம்பளை பஸ்ஸின் ஹோன் கேட்டது. நேரமாகிவிட்டதென்று சொல்லி எழுந்தோம்.