மெலிஞ்ச குதிரை

1950 இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரேயர் பொம்மைக் குதிரைகளின் விலையைப் பார்த்துவிட்டுப் போனை மூடி வைத்தோம். பிறகு ரோட்டோரக் கடையில் ஒரு பிளாஸ்டிக் குதிரை வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாண்ட்பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்தோம். அக்ரிலிக் காயமுதல் அடுத்த பூச்சை அடித்ததில் முதல்முறை எல்லாம் உரிஞ்சு போச்சு.

வெள்ளை அரேபியக் குதிரை செய்யத்தான் எங்களுக்கு ஆசை. நெடுந்தீவுக்காரியான அறைத்தோழி, “எங்கட ஊர்க் குதிரை இப்பிடியே இருக்கும்?” என்றாள். அவளோடு குறிகாட்டுவானில் படகேறிப் போய்ப் பார்த்தோம். வரட்சிக் காலம். விலா தெரிய நின்றன. தண்ணியில்லாமல் செத்ததுகளையும் அவள் சின்னனில் கண்டிருக்கிறாள்.

திரும்பி வந்து மண்ணிறம் பூசினோம். விலாவெலும்புக்கு நிழல் போட்டோம். “இவ்வளவு மினக்கெட்டு ஏன் மெலிஞ்ச குதிரை?” என்று விடுதியில் கேட்கினம். வடிவாக்கிறதுக்கு முதல் ஒருக்கா வடிவாப் பார்க்கவேணும் என்பது எங்களுக்கு இப்பதான் விளங்குது.