தம்பி, கோட்டைக் கழட்டுங்க!

முதல் வருஷ எம்.பி.பி.எஸ். நண்பர்களே... ஊரில் உங்களுக்கு இந்நேரம் 'டாக்டரு' என்று பேர் விழுந்திருக்குமே? பக்கத்து வீட்டு அத்தை முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டிருப்பாரே? நமக்கோ அனாடமி ஹால் மேஜையில் படுத்திருப்பவரைத் தவிர வேற பேஷன்ட்டையே தெரியாது!

நம்ம கதையும் அதேதான். சொந்த ஊர் ராஜபாளையம், படிப்பது வெளியூரில். லீவுக்கு வந்தபோது, ஒரு டாக்டர் பக்கத்தில் நின்று பத்து நாள் வேடிக்கை பார்த்தால் என்ன என்று ஆசை வந்தது. அமெரிக்காவில் இதற்கு 'ஷேடோயிங்' என்று பெயர். மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணும் முன்பே டாக்டர் பின்னாடி நிழல் மாதிரி சுற்றுவார்களாம். நமக்கு பிளஸ் டூ, நீட், நேரே டிஸெக்‌ஷன் ஹால். 2019-ல் வந்த பாடத்திட்டத்தில் முதல் வருஷத்திலேயே நோயாளிகளைக் காட்ட வகுப்பு வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனா கூட்டத்தில் பின்வரிசையில் நின்றால் தெரிவது முன்னால் நிற்பவன் பின்னந்தலை மட்டுமே.

முதல் முயற்சி, ஒரு தனியார் கிளினிக். ஃபுல் ஹேண்ட் சட்டை, கையில் பைல் சகிதம் ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். ரிசப்ஷன் அக்கா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்... "ரெப் எல்லாம் எட்டு மணிக்கு மேலதான் சார்!" பல்பு!

அப்புறம் ஒரு சீனியர் அண்ணன்தான் வழி சொன்னார். நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி ஊர்களின் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அளவில் அவருக்கு மேலே ஜே.டி., அதாவது இணை இயக்குநர். அவரிடம் எழுதிக் கேட்கச் சொன்னால் முகம் சுளிக்காதீங்க. காலேஜில் போனஃபைடு வாங்கிக்குங்க. லெட்டரில் 'கற்றுக்கொள்ள விரும்புகிறேன்' என்று கவிதை வேண்டாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம், பார்க்க மட்டும்தான், தொட மாட்டேன்... இது போதும். முக்கியமா, காலையில் ஓ.பி. கூட்டம் அலைமோதும்போது போய் நிற்காதீங்க. மதியம் கூட்டம் வடிந்த பிறகு போங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு தவணையும் போட்டாச்சா என்று கேட்பார்கள். எனக்கு மூணாவது பாக்கி. அசடு வழிந்தேன்.

கிடைத்துவிட்டது! ரெண்டு ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீங்க. ஏன் என்று அப்புறம் புரியும்.

முதல் ரெண்டு நாள் சொர்க்கம். சின்ன வயசில் சத்திரப்பட்டி வழியாகப் போகும்போதெல்லாம் தறிச் சத்தம் கேட்டிருக்கிறேன். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணி மாதிரி ஒன்றை ஒரு மனுஷன் காலில் ரத்தம் ஊறப் பார்த்தது அன்றைக்குத்தான். பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும்போது "தம்பி, கொஞ்சம் வெளிய இரு" என்பார் டாக்டர். சொன்னதும் வெளியே வந்துவிடணும். ஏன் என்று கேட்கக்கூடாது.

மூணாம் நாள் வந்தது வினை. ஒரு பாட்டிக்கு நாய்க்கடி. (ராஜபாளையம் நாயா என்று ஜோக் அடிக்க வேண்டாம். கடித்தது தெருநாய்!) முதல் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், வராந்தாவில் வெள்ளைக் கோட்டோடு நின்ற என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் தம்பி, புண்ணு ஆறிட்டா மத்த ஊசி வேணாம்ல? மாந்தோப்புல வேலை கெடக்கு."

எனக்குத் தெரியாது. 'தெரியாது பாட்டி' என்று சொல்லியிருக்கலாம். கோட் போட்டுக்கிட்டு அதைச் சொல்ல வாய் வரலை. தலையை ஆட்டினேன். "ஆறிட்டா பிரச்னை இல்ல பாட்டி."

பாட்டி சந்தோஷமாக் கிளம்பிட்டார். ஊசி ரூமில் இருந்த சிஸ்டர் காதில் விழுந்திருக்கிறது. சிரிஞ்சை வைத்துவிட்டு ஓடினார் பாருங்க... பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "அம்மா, புண்ணு ஆறுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கிருமி நரம்பு வழியா மூளைக்குப் போகும். நோய் வந்துட்டா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்... மூணும் வந்தே ஆகணும்." சீட்டில் தேதிகளைப் பெரிசாக எழுதி, படித்துக்காட்டி அனுப்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரல்.

"தம்பி, கோட்டைக் கழட்டுங்க."

கழட்டினேன். டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவே இல்லை. "மிச்ச நாளெல்லாம் சிஸ்டர்கூட உட்காரு. நாய்க்கடிச் சீட்டுல தேதி எழுதிக் கொடு. கோட் வேணாம்" என்றார்.

உட்கார்ந்தேன். நாய்க்கடிக்கு ஓடும் தண்ணியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவணும் என்பதை ஒரே நாளில் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது தெரியுமா? மிளகாய்ப்பொடி அப்பிக்கொண்டு வந்தவர்கூட உண்டு. யார் எது கேட்டாலும், "நான் ஸ்டூடன்ட்ங்க, சிஸ்டர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்று பழகிக்கொண்டேன். முதல் தடவை சொல்லும்போது காது சூடாகும். அப்புறம் சரியாகிவிடும்.

பாட்டிக்கு மூணாம் நாள் ஊசி வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி, பதினொண்ணு... ஆளைக் காணோம். பதினொன்றரைக்கு, முந்தானையில் சீட்டை முடிந்துகொண்டு மெதுவாக வந்தார். எழுந்து கையை நீட்டினேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். நேரே சிஸ்டரிடம் போய்ச் சீட்டைக் கொடுத்தார்.