காரையில் ஒரு கடல்

பெரம்பலூர் பக்கம் கடல் இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். வங்கக் கடல் அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆனால், காரை கிராமத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றாமலே கடலுக்கு அடியில் நடந்துவிட்டு வரலாம். தண்ணீர்தான் இருக்காது!

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று களிமண் பூமியாகக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் அதை அரித்து அரித்து, ஆள் மறையும் பள்ளங்களாகவும் மொட்டை மேடுகளாகவும் ஆக்கியிருக்கிறது. காரில் போனால் பொட்டல்காடு என்று தாண்டிவிடுவோம். இறங்கி, குனிந்து பார்த்து நடந்தால்தான் விஷயம் புரியும்.

பொங்கல் விடுமுறையில் அப்பாவையும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு 71 வயது. அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 29 வருடங்கள் வேலை பார்த்தவர்.

"தாத்தா, துப்பாக்கி குண்டு!" என்று மகள் ஒரு கல்லைக் காட்டினாள். அது பெலெம்னைட். கணவாய்க்கு உறவான ஒரு கடல் உயிரினத்தின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி, கல்லாகிவிட்டது. கொஞ்ச தூரத்தில், ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் கிடைத்தது. டைனோசர்கள் அழிந்த காலத்தோடு இந்த இனமும் அழிந்துவிட்டது.

களிமண்ணுக்கு இடையே கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னியது. அப்பாவே எடுத்துப் பார்த்தார். "ஜிப்சம். சிமென்ட் சட்டுன்னு இறுகிடாம இருக்க இதைத்தான் சேர்த்து அரைப்பாங்க."

பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். "சுரங்கத்துல கல்லை உடைச்சா உள்ளே கையகலம் சிப்பி இருக்கும். நின்னு பார்க்க ஏது நேரம்? லாரி காத்துக்கிட்டு நிக்கும். அள்ளிப் போட்டுக்கிட்டே இருப்போம்."

அந்தச் சிப்பிகளும் சேர்ந்துதான் அரியலூரின் சுண்ணாம்புக்கல். அதை அரைத்து, களிமண் போன்றவற்றைக் கலந்து, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டுத்தான் சிமென்ட் தயாரிக்கிறார்கள். அப்பாவின் அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் படித்தோம். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கிறது.

மகள் அம்மோனைட்டைப் பைக்குள் போடப் போனாள். அப்பா தடுத்தார். "வச்சிடு தங்கம். தாத்தா அள்ளுனது ஊருக்கு வீடாச்சு. நீ எடுத்துட்டுப் போனா உங்க வீட்டு அலமாரியில தூசிதான் படியும்."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கல்லைக் கிடந்த இடத்திலேயே வைத்தாள்.

நீங்களும் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது; தண்ணீர் அவசியம். மழை பெய்த மறுநாள் களிமண் வழுக்கும். இந்தக் கற்களை நிதானமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.

அங்கிருந்து சாத்தனூருக்குப் போனோம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொல்லப்படும், 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அங்கே படுத்திருக்கிறது. 1940-ல் இதைக் கண்டறிந்தவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். இப்போது அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது.

அப்பா அந்த மரத்தின் நீளத்துக்கு இரண்டு முறை நடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்லவேளை, இதுக்கு லாரி வரலை."